இரண்டு வலக்கைகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் வாழைக்காய் மசித்துக்கொண்டிருந்த மேசையின் மேலேயே பையனின் கையை நீட்டி வைத்து, கீரிக்கோ குதிரை ஊசியை அவன் முழங்கைக்குள் இறக்கினான். கால்நடை மருந்துக் கடையில் வாங்கியது. புட்டியின் மேல் குதிரைத் தலைப் படம்கூட இருந்தது. பையன் பல்லைக் கடித்துக்கொண்டு என் உப்பு ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை. கீரிக்கோவிடம் வளர்கிற பையன்கள் கத்த மாட்டார்கள். கத்தினால் அடுத்த பஸ்ஸில் ஊருக்கு அனுப்பிவிடுவான்.

"என் சமையக்கட்டுல இந்தக் கசாப்பு வேலையெல்லாம் வச்சுக்காதேன்னு எத்தன தடவ சொல்றது?" என்றேன்.

"வாய மூடிக்கிட்டு வாழைக்காய மசி, சுனில்டா. இது இளங்கை. வெட்டிவிட்ட கரும்பு மாதிரி. எத்தன தடவ வெட்டினாலும் துளிர்க்கும்."

ஊசியை உருவினான். இரத்தம் ஒரு கோடாக என் மேசையில் வழிந்தது. துணியைக் கீரிக்கோவின் மூஞ்சியில் எறிந்தேன். அவனே துடைத்தான். என் சமையலறை விஷயத்தில் மட்டும் என்னிடம் அவனுக்குக் கொஞ்சம் பயம் உண்டு.

தீவின் தென்கரையில் இருக்கிற சான் பெத்ரோ நகரத்துக்கு வெளியே, சர்க்கரை ஆலைப் பக்கத்தில் எங்கள் வீடு. எங்கள் பேட்டையின் பேஸ்பால் அணி கீரிக்கோவுடையது. லாட்டரிக் கடைகளும் அவனுடையவைதான். ஆனால் உண்மையான தொழில் பையன்களை வளர்த்து விற்பது. மலையிலிருந்தும் நாட்டு எல்லையிலிருந்தும் வேகமாகப் பந்து வீசுகிற பையன்களைக் கொண்டுவருவான், சோறு போட்டுப் பயிற்சி கொடுப்பான், அமெரிக்கக் கிளப்காரன் கையெழுத்து வாங்கினால் அந்த ஒப்பந்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வான். பத்துப் பேரில் ஒருவன் தேறினால் அதிசயம். தேறாதவர்கள் கையில் தழும்போடு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு ஓட்டுகிறார்கள். பேட்டை முக்கில் எந்நேரமும் நான்கு பேர் நிற்பார்கள். நான்கு பேருமே ஒரு காலத்தில் கீரிக்கோவின் தங்கக் கைகள்.

இந்தப் பையன் பெயர் வில்கின். எல்லை மலைக்காரன். தங்கவும் சாப்பிடவும் எங்கள் வீட்டில் விட்டிருந்தான் கீரிக்கோ. தொண்ணூற்றாறு மைல் வேகத்தில் வீசுவான். பதினேழு வயது. இந்தத் தொழிலில் பதினேழு என்பது நரை விழுந்த மாதிரி. பதினாறிலேயே கையெழுத்து ஆகியிருக்க வேண்டும். அதனால் அவனும் அவசரத்தில் இருந்தான்.

அவசரத்தில் இருந்த இன்னொரு ஆள் என் புருஷன்.

லாவோ, முப்பத்து மூன்று வயது. ஆறு வருஷமாக இறுதி ஆட்டம் என்றால் எங்கள் அணிக்கு முதல் பந்தை வீசுவது அவன்தான். ஒருகாலத்தில் அமெரிக்காவில் கீழ்மட்ட லீக்குகளில் ஆடினான். ஒருநாள் காலை கூப்பிட்டு விமான டிக்கெட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். யாரோ ஒரு பத்தொன்பது வயதுக்காரனுக்கு இடம் வேண்டுமாம். லாவோவிடம் வேகம் இல்லை. நினைத்த இடத்தில் பந்தை வைப்பான், அவ்வளவுதான். அதை வைத்தே எதிராளியை முட்டாளாக்கிவிடுவான். ஆனால் வேகமானியில் அது எண்ணாகத் தெரியாதே!

அந்த ஞாயிற்றுக்கிழமை துறைமுக அணியோடு இறுதி ஆட்டம். மெக்சிகோவிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் வந்திருந்தான். பந்து வீச அனுபவமுள்ள பிட்சர் ஒருவன் வேண்டும், லாவோ வீசுவதைப் பார்த்துப் பிடித்திருந்தால் கோடைப் பருவம் முழுக்க ஒப்பந்தம் என்று சொல்லியிருந்தான். லாவோவுக்கு இனி வேறு யாரும் கதவைத் தட்டப்போவதில்லை. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பதினைந்து நாளாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாய் திறக்காமலே தூங்கிக்கொண்டிருந்தோம். அதே ஞாயிறு பார்த்துத்தான் கீரிக்கோ அமெரிக்கக் கிளப்காரன் ஒருவனையும் வரவழைத்திருந்தான்.

லாவோ சமையலறைக்குள் வந்தான். புட்டியைப் பார்த்தான், பையனின் கையைப் பார்த்தான்.

"முதலாளி, அந்தக் கைக்கு ஓய்வு குடுங்க. பந்த விடறப்ப முழங்கை கீழ எறங்குது. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

"எறங்கட்டும். வேகம் எறங்குதா?"

"இன்னும் இல்ல."

"அப்புறம் என்னய்யா? இன்னைக்கு முதல் நாலு இன்னிங்ஸ் பையன். மீதி அஞ்சும் உனக்கு. அமெரிக்காக்காரனுக்கு அவன், மெக்சிகோக்காரனுக்கு நீ. சொல்லு, யாருக்கு நஷ்டம்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. "ஆறு வருஷமா உனக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தவன் எச்சில் இலைக்குக் காத்திருக்கணுமா? இறுதி ஆட்டம்டா இது!"

கீரிக்கோ சிரித்தான். முன்பல் இரண்டும் தங்கம்.

"உனக்கு வியாபாரம் தெரியாதுடி. லாவோ எவ்வளவுக்குப் போவான்னு ஊருக்கே தெரியும். தெரிஞ்ச சரக்குக்கு எவன் கூட ஒரு பெசோ குடுப்பான்? இந்தப் பய எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது. கடவுளுக்கே தெரியாது. தெரியாததுக்குத்தான் காசு."

வில்கின் தலையைக் குனிந்துகொண்டு வாழைக்காய் மசியலைத் தின்றான். வலது கையால்தான் தின்றான். ஊசி அப்போது நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.

*

மைதானத்து வேலியோரம் என் எண்ணெய்ப் பலகாரக் கடை. அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, மாவு. ஆட்ட நாளில் நான் சுடுகிற மொறுமொறு யானிகேக்கே ரொட்டி ஒன்றுகூட மிஞ்சாது. மூன்றாம் பேஸ் மூலைக்கு நேர் பின்னால் நிற்பதால் எல்லாம் கண்ணுக்கு நேராகத் தெரியும். துறைமுகக்காரர்கள் நான்கு லாரி நிறைய வந்திருந்தார்கள். தம்போரா மேளம், ரம், வெயில். வில்கின் வீசுமேட்டில் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"டேய், பால்புட்டிய எங்கடா விட்டுட்டு வந்தே?"

"அம்மா தேடுவா, வீட்டுக்குப் போடா!"

எங்கள் பக்கத்திலிருந்து யாரோ பதில் கொடுத்தார்கள். "உங்க ஃபெலிசியானோவுக்குப் பல்லு செட்டு வாங்கியாச்சா? இன்னைக்குத் தேவைப்படும்!"

ஃபெலிசியானோ துறைமுக அணியின் தலைவன். கப்பலில் மூட்டை ஏற்றுகிறவன். நாற்பது வயது, தொந்தி வேறு. ஆனால் மட்டையைப் பிடித்தால் அந்தத் தொந்தி எங்கே போகுமோ தெரியாது. அவன் தம்பி நேலோ அவனைவிட இரண்டு பங்கு ஆகிருதி, பாதி மூளை.

முதல் இரண்டு இன்னிங்ஸ் பையன் பறந்தான். எதிராளிகள் மட்டையைத் தூக்குவதற்குள் பந்து கேட்சர் கையில் இருந்தது. அமெரிக்கக் கிளப்காரன் வேகமானியைப் பார்த்துப் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். கீரிக்கோ அவன் பக்கத்தில் உட்கார்ந்து தங்கப் பல் தெரிய இளித்துக்கொண்டிருந்தான். மெக்சிகோக்காரன் என்னிடம் இரண்டு யானிகேக்கே வாங்கித் தின்றுவிட்டு, "உன் வீட்டுக்காரர் எப்ப?" என்று கேட்டான். "நாலு முடியட்டும்" என்றேன்.

மூன்றாவது இன்னிங்ஸில் லாவோ வேலிப் பக்கம் வந்தான். ஓரமாகப் பந்து வீசிக் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தவன், பந்தைக் கையிலேயே பிடித்தபடி நின்றுவிட்டான்.

"அவன் கை செத்துக்கிட்டிருக்கு சுனி. அவனுக்குத் தெரியல. மரத்துப் போயிருக்கு."

"போய் அந்த நாய்கிட்ட சொல்லு."

போனான். கீரிக்கோ இருந்த இடம் தள்ளித்தான், ஆனாலும் அவன் குரல் எட்டு ஊருக்குக் கேட்கும்.

"இன்னும் ஒரே ஒரு இன்னிங்ஸ்! வெள்ளைக்காரன் இப்பதான் பேனாவையே தொறந்திருக்கான்! உனக்கு அவசரம்னா அவனுக்கு முழங்கை வலிக்கும்பியா?"

லாவோ பையனுக்காகக் கேட்டானா, தனக்காகக் கேட்டானா என்று அன்றைக்கு மைதானத்தில் பலர் பேசினார்கள். இரண்டுக்காகவும்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அவன் திரும்பி வந்து மறுபடி கையைச் சூடாக்க ஆரம்பித்தான். முகம் கறுத்திருந்தது.

நான்காவது இன்னிங்ஸ். ஃபெலிசியானோ மட்டையோடு வந்தான். முதல் தடவை ஏமாந்தவன் இப்போது தயாராக இருந்தான். வில்கினின் வேகப் பந்துகளை ஒவ்வொன்றாக வெளியே தட்டிவிட்டான். பந்து கோட்டுக்கு வெளியே போகும், இவன் சிரிப்பான். "தம்பி, இது நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு போடு." மறுபடி தட்டுவான். "இதுவும் பரவால்ல." எங்கள் ஜனங்களே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பையன் காது சிவந்துவிட்டது. மேட்டில் நின்று அமெரிக்கக் கிளப்காரன் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு உடம்பிலிருந்த எல்லாவற்றையும் சேர்த்து வீசினான்.

பந்து நேராக ஃபெலிசியானோவின் முகத்துக்குப் போனது.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தேங்காயைத் தரையில் போட்டு உடைத்த சத்தம். கன்ன எலும்பு உள்ளே போய்விட்டது. ஃபெலிசியானோ முழங்காலில் விழுந்து, கையை வாயில் வைத்து, கையோடு இரண்டு பல்லை எடுத்தான். பிறகு முகம் தரையில் பட விழுந்தான். அவன் தலையைச் சுற்றி மண் கறுத்தது. ஒரு மூச்சுவிடும் நேரம் மேளம்கூட நின்றிருந்தது.

"ஊசி போட்ட மிருகம்டா அது! வேணும்னே அடிச்சான்!" என்று ஒருவன் கத்தினான். வேலி சரிந்தது.

இந்தப் பக்கத்தில் மைதானச் சண்டைக்கு ஒரு முறை உண்டு. பிட்சர் மேல் கோபம் என்றால் அவன் தலையைத் தேட மாட்டார்கள். வீசுகிற கையைத்தான் தேடுவார்கள். அது உடைந்தால் ஒரு குடும்பமே உடையும் என்று எல்லோருக்கும் தெரியும். "வலது கை! வலது கை!" என்று துறைமுகக்காரர்கள் பாட்டு மாதிரி கத்திக்கொண்டு இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் நேலோ, மட்டையோடு. வழியில் எங்கள் கேட்சர் குறுக்கே போனான். மட்டையின் ஒரே வீச்சில் அவன் முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. முதல் பேஸ்காரனைக் கீழே தள்ளி மூன்று பேர் ஸ்பைக் செருப்போடு மிதித்துக்கொண்டிருந்தார்கள். காலி பாட்டில்கள் பறந்தன. ஒன்று அம்பயரின் நெற்றியைப் பிளந்தது. எங்கள் ஆட்களும் ஒன்றும் சாமியார்கள் இல்லை. எதிரணிப் பையன் ஒருவன் காதை யாரோ கடித்துத் துப்பியதை நானே பார்த்தேன்.

வில்கின் ஓடவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். ஓட வேண்டியதுதானே! வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி சும்மா நின்றான்.

லாவோ ஓடினான். ஓரத்தில் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்த என் புருஷன், அந்த இன்னிங்ஸ் முடிந்தால் தன் முறை என்று இருக்கையில், அந்த மேட்டுக்கு ஓடினான். பையனைக் கீழே தள்ளினான். அவன் வலது கையைத் தன் நெஞ்சுக்கடியில் வாரிப் போட்டுக்கொண்டு மேலே கவிழ்ந்து படுத்துவிட்டான். வருஷக்கணக்காகப் பிட்சராக இருந்தவனுக்கு அந்த நேரத்தில் வேறெதுவும் தோன்றாது. கையைக் காப்பாற்று. யார் கையென்று யோசிக்கக்கூட நேரமில்லை.

முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதும் முதுகில். நேலோ குறி பார்த்து நின்று மட்டையை மூன்றாம் முறை தூக்கினான். பையனின் கை கிடைக்கவில்லை, வெளியே நீண்டு கிடந்தது லாவோவின் வலது முன்கை. அதன்மேல் இறக்கினான். மறுபடி இறக்கினான்.

நான் அதற்குள் எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிவிட்டிருந்தேன். துணி எங்கே என்று தேடவில்லை. என் உள்ளங்கைத் தோல் சட்டியோடு ஒட்டிப்போனது பிற்பாடுதான் தெரிந்தது. உடைந்த வேலியைத் தாண்டி ஓடி, கொதிக்கிற எண்ணெயை அப்படியே நேலோவின் இரண்டு கால்களிலும் ஊற்றினேன். அவ்வளவு பெரிய உருவம் குழந்தை மாதிரி அலறியது. மட்டை கீழே விழுந்தது. நான் காலிச் சட்டியால் அவன் வாயில் ஒன்று போட்டேன். இன்னொன்றும் போட்டிருப்பேன்.

அப்போதுதான் கீரிக்கோ துப்பாக்கியை எடுத்து வானத்தில் சுட்டான். கூட்டம் கலைந்தது. அமெரிக்கக் கிளப்காரன் பெஞ்சுக்கு அடியில் கிடந்தான். மெக்சிகோக்காரன் இருந்த இடத்தில் பாதி தின்ற யானிகேக்கே மட்டும் இருந்தது.

கீரிக்கோ எங்களிடம் ஓடி வந்தான். லாவோவை ஒரு மூட்டையைப் புரட்டுவதுபோலப் புரட்டித் தள்ளினான். பையனின் வலது கையைத் தூக்கிப் பார்த்தான், தோளிலிருந்து விரல்வரை தடவினான்.

"கீறல்கூட இல்ல! மாதாவே, ஒரு கீறல்கூட இல்ல!"

என் புருஷனின் முன்கை நடுவில் இன்னொரு முழங்கை முளைத்த மாதிரி மடங்கிக் கிடந்தது.

*

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, எலும்பு நொறுங்கியிருக்கிறது, தகடு வைத்து முடுக்க வேண்டும், தலைநகரத்துக் கிளினிக்கில்தான் முடியும், இந்த வாரத்துக்குள் செய்யாவிட்டால் விரல்களை மடக்கவே முடியாது என்றார். செலவைச் சொன்னார். நான் என் காதிலிருந்த தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அதை விற்றால் தலைநகரத்துக்குப் போகிற பஸ் கட்டணத்துக்குக்கூட ஆகாது.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன், லாவோவுக்கு மாற்றுச் சட்டை எடுக்க. வில்கின் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டிருந்தான். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

இடது கையால் தின்றுகொண்டிருந்தான்.

வலது கை மடியில் கிடந்தது. சோறு கரண்டியிலிருந்து சிந்திக்கொண்டே இருந்தது. நான் கிட்டே போய் அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினேன். முழங்கை மூங்கில் கணுவாக வீங்கியிருந்தது. பையன் வாயிலிருந்து சோற்றோடு ஒரு சத்தம் வந்தது.

"கீறல்கூட இல்லன்னானே அவன்! இது எப்ப ஆச்சு?"

அவன் கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தான்.

"கேக்கறேன்ல! எப்ப?"

"அந்தப் பந்துலக்கா. ஃபெலிசியானோ மூஞ்சில பட்டுச்சே, அது. உள்ள டப்புனு ஒரு சத்தம். விரல்ல உணர்ச்சியே இல்ல. அதான் பந்து அங்க போச்சு. வேணும்னு போடலக்கா, மாதா சத்தியமா."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அதற்கு முன்பே. நேலோ மேட்டுக்கு வருவதற்கு முன்பே. லாவோ மேலே விழுவதற்கு முன்பே.

"அப்ப உனக்குத் தெரியும். அவரு உம் மேல விழுந்தப்ப உனக்குத் தெரியும்."

"சொல்லத்தான் பாத்தேன். போயிருச்சு, எந்திரிங்கண்ணேன்னு சொல்லப் பாத்தேன். குரலே வரலக்கா. பயந்துட்டேன். சொல்லியிருந்தா எந்திரிச்சிருப்பாரு."

அவனை அடித்தேன். பொசுங்கிய கையின் கட்டோடு அடித்தேன். கன்னத்தில், தலையில், தோளில். கரண்டி எங்கேயோ போய் விழுந்தது. அவன் தடுக்கவில்லை, அழவும் இல்லை. என் கைக்கட்டில் இரத்தம் ஊறியதைப் பார்த்து அவனே, "உங்க கை, அக்கா" என்றான். அதற்குப் பிறகு அடிக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உயிரோடு இருந்த கையைக் கொடுத்துப் பிணத்தைக் காப்பாற்றியிருந்தான் என் புருஷன்.

வெளியே கீரிக்கோவின் வண்டிச் சத்தம் கேட்டது. நான் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அழுகை போய் வேறு ஒன்று வந்துவிட்டது. பையனுக்கு நீளக் கைச் சட்டையை மாட்டினேன்.

"வாயத் தொறக்கக் கூடாது. நான் பேசறேன். கைய மேசைக்கு அடியில வை."

கீரிக்கோ உள்ளே வந்ததும், "பாத்தியா சுனில்டா?" என்றான். "வெள்ளைக்காரன் புதன்கிழமை வரைக்கும் இருக்கான். இன்னொரு தடவ பாக்கணுமாம். ஒரே தடவ, அப்புறம் கையெழுத்து! நான் சொன்னேன்ல, இளங்கைய நம்புன்னு. பழசு என்ன ஆச்சு பாரு."

அவனைக் கொன்றிருக்கலாம். வெட்டுக்கத்தி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"பழசு தலைநகரத்துக் கிளினிக்குக்குப் போகணும்" என்றேன். "உன் வண்டியில. உன் செலவுல. இன்னைக்கே."

"போடி."

"சரி. துறைமுகத்து மோன்ச்சோ பையன்களைத் திருடறவன்னு நீதான சொல்லுவ? காலையிலேருந்து அவன் ஆளு முக்குல நிக்கிறான். வில்கினைக் கூட்டிட்டுப் போகச் சொல்றேன். உன்கிட்ட எந்தக் காகிதமும் இல்லன்னு அவனுக்கும் தெரியும்."

கீரிக்கோவின் இளிப்பு மறைந்தது. பையனைப் பார்த்தான்.

பையன் வாயைத் திறந்தான். நான் சொல்லாததைச் சொன்னான். "அண்ணனுக்கு ஆபரேஷன் முடியாம நான் பந்தத் தொட மாட்டேன், முதலாளி. முடிஞ்சுதுன்னா போடறேன். தொண்ணூத்தேழு போடறேன்."

குரல் நடுங்கவில்லை. மேசைக்கு அடியில் அவன் இடது கை, வீங்கிய முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. கீரிக்கோ கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். அவன் மனசுக்குள் தொண்ணூற்றேழு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு சாவியை எடுத்தான். வாழ்நாளில் முதல்முறையாகத் தெரிந்த சரக்குக்குக் காசு கொடுக்கச் சம்மதித்தான்.

கிளம்பும்போது பையன் என்னிடம் மெதுவாகச் சொன்னான். "புதன்கிழம தெரிஞ்சுரும்கா."

"தெரியட்டும். நீ இப்பவே எங்கயாவது ஓடிரு."

"நான் ஓடிட்டா அவன் பணத்தக் கட்ட மாட்டான். நான் இருக்கேன்."

*

செவ்வாய்க்கிழமை லாவோவின் கையைத் திறந்து தகடு வைத்தார்கள். பணம் முன்கூட்டியே கட்டியாகிவிட்டது. திரும்ப வாங்க முடியாது என்று நான் பணம் கட்டும் ஜன்னலில் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். டாக்டரம்மா வெளியே வந்து, "விரல் மடங்கும். கரண்டி பிடிக்கலாம், சுத்தியல் பிடிக்கலாம். பந்து வீச முடியாது" என்றார். அவனிடமும் அதையே சொன்னார். அவன் தலையாட்டிக்கொண்டான்.

"பையன் கை நல்லாருக்கில்ல சுனி?" என்றான் என்னிடம். "அதுக்காவது ஆச்சே. நாளைக்கு வீசறான். அந்த வேகத்த வச்சுக்கிட்டு அவன் எங்கயோ போயிருவான் பாரு."

நான் தலையணையைச் சரிசெய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வில்கின் வார்டுக்குள் நுழைந்தான். பக்கத்துப் படுக்கைக்காரனின் மனைவி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. உதடு கிழிந்து தொங்கியது. கழுத்தில் பெல்ட் கொக்கியின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. புதன்கிழமை முதல் பந்து அவன் காலடியிலேயே விழுந்ததாம். இரண்டாவது கையைவிட்டுப் போகவே இல்லையாம். அமெரிக்கக் கிளப்காரன் பேனாவை மூடிக்கொண்டு கிளம்பிய பிறகு, வண்டிக் கொட்டகையில் வைத்துக் கீரிக்கோ மூச்சு வாங்கும்வரை அடித்திருக்கிறான்.

"நான்தான் மறைச்சேன், அக்காவுக்குத் தெரியாதுன்னுட்டேன்" என்று என் காதில் சொன்னான். "உங்கள ஒண்ணும் பண்ண மாட்டான்."

லாவோ அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டைக் கை தொங்கிய விதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பிட்சரிடம் கையை மறைக்க முடியாது.

"இங்க வா" என்றான்.

பையன் படுக்கை அருகே போனான். லாவோ இடது கையால் அவன் சட்டைக் கையை மேலே தள்ளி, கட்டைவிரலால் முழங்கையின் உள்பக்கத்தை அழுத்தினான். பையன் கத்தினான். இந்தத் தடவை கத்தினான்.

"எப்ப?"

"அந்தப் பந்துலண்ணே."

"எந்தப் பந்து?"

"ஃபெலிசியானோ மேல பட்டது."

லாவோ கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. மேடு, ஓட்டம், மட்டை, எல்லாவற்றையும் மனசுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தான்.

"அப்ப நான் மேல விழுந்தப்ப..."

"போயிருச்சுண்ணே. அப்பவே போயிருச்சு."

லாவோவின் இடது கை மேலே எழுந்தது. அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். பையனும் முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றான். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு போர்வையின் மேல் விழுந்தது. லாவோ உடம்பைக் கஷ்டப்பட்டுத் திருப்பி, எங்களுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். முதுகில் மட்டை விழுந்த இரண்டு தடமும் ஊதாவாகத் தெரிந்தன. தோள்கள் குலுங்கின. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவன் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

பையன் போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே சாப்பாட்டு வண்டி உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"சுனி" என்றான் லாவோ, சுவரைப் பார்த்தபடியே. "அவன் சாப்பிட்டானான்னு கேளு."

கேட்டேன். இல்லை என்றான்.